சீட்டாட்டம் ஒரு தொழிலாகுமா? கடன் தீர்மானம் எழுதும் முன் ஒரு கணக்கு



கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று எத்தனையோ தொழில்களுக்கு நாம் கடன் கொடுத்திருக்கிறோம். எந்தத் தொழிலானாலும் வரவு என்ன, செலவு என்ன, தவணை கட்ட முடியுமா என்று கேட்டுத்தான் தீர்மானம் எழுதுகிறோம். இந்த இதழில் நம் குழுவில் இதுவரை யாரும் கேட்காத ஒரு தொழிலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

சின்னாளப்பட்டியில் ஒரு குழுவின் மாதக் கூட்டம். வங்கிக் கடன் வந்திருந்த நேரம். ஒருவர் தறிக்குப் பாவு நூல் வாங்க வேண்டும் என்றார், ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணம் என்றார். ஒரு அக்காவின் முறை வந்தது. "ரெண்டு லட்சம் வேணும்" என்றார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். "பையன் தொழில் பண்ணப் போறான்."

என்ன தொழில் என்று எழுதாமல் தீர்மானம் போட முடியாதே! அக்கா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சீட்டாம். வேலையை விட்டுட்டு முழு நேரமும் அதையே பண்ணப் போறேங்கிறான். கோவா போகணுமாம்."

"எந்தச் சீட்டு, ஏலச்சீட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லக்கா. விளையாடுற சீட்டு. போக்கர்னு பேரு."

சிலர் சிரித்துவிட்டார்கள். சிலர் வாயில் கை வைத்தார்கள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவர் பொய் சொல்லியிருந்தால் 'ஜவுளி வியாபாரம்' என்று எழுதிக் கடன் வாங்கியிருக்கலாம். உண்மையைச் சொன்னார். அதற்காகவே இதைச் சிரிப்போடு விடாமல் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அன்றைக்குத் தெரிந்துகொண்டதையும் அதற்குப் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

போக்கர் என்றால் என்ன?

நாம் வீட்டில் விளையாடும் அதே 52 சீட்டுதான். அதிகம் பேர் ஆடும் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு ரகசியமாகக் கிடைக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் விரிக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்து யாருக்கு நல்ல சீட்டு அமைகிறதோ அவருக்கு நடுவில் உள்ள பணம். சீட்டு திறக்கத் திறக்கப் பந்தயம் ஏறும். கையில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பது போல் காட்டிப் பந்தயத்தை ஏற்றி மற்றவர்களைப் பயந்து விலக வைக்கவும் செய்யலாம்.

அதனால் இதில் திறமையே இல்லை என்று சொல்ல முடியாது. கணக்குத் தெரிய வேண்டும், எதிரில் இருப்பவர் மனம் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். இதில் சம்பாதித்தவர்களும் உண்டு. 2003-ல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் ஜெயித்து 25 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். நம் நாட்டைச் சேர்ந்த நிகிதா லூதர் என்ற பெண் 2018-ல் அதே தொடரில் ஒரு குழுப் போட்டியில் ஜெயித்தார். அக்காவின் மகனும் இந்த இரண்டு பெயரையும் என்னிடம் சொன்னான்.

ஆனால் 2003 போட்டியில் உட்கார்ந்தவர்கள் மொத்தம் 839 பேர். நமக்குப் பெயர் தெரிந்தவர் ஒருவர்தான். பெரும்பாலானவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்காமல் போனார்கள். சந்தைக்குப் போய் லாபம் பார்த்தவரை மட்டும் விசாரித்துவிட்டுத் தொழில் தொடங்கலாமா?

தறிக்கும் மேசைக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு நெசவாளி சேலை நெய்தால் வெளியிலிருந்து ஒருவர் பணம் கொடுத்து வாங்குகிறார். பக்கத்துத் தறிக்காரர் நஷ்டப்பட்டால்தான் இவருக்குக் கூலி என்று இல்லை. சீட்டு மேசையில் புதிதாக ஒரு பைசாகூட உண்டாவதில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் கொண்டு வந்த பணம்தான் கை மாறுகிறது. ஒருவர் அதில் மாதச் சம்பளம் எடுக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் மாதாமாதம் அதைத் தோற்க வேண்டும்.

அதோடு மேசையை நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். ஒரு கணக்குக்காகப் பார்ப்போம்.

* 6 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டு வருகிறார்கள். மேசையில் மொத்தம் 6,000.
* ஒரு ஆட்டத்தில் நடுவில் சேரும் பணம் 200 ரூபாய். நடத்துபவர் நூற்றுக்கு 5 எடுத்தால் 10 ரூபாய்.
* ஒரு மணி நேரத்தில் 30 ஆட்டம். எடுத்தது 300 ரூபாய்.
* 10 மணி நேரத்தில் 3,000. மேசைப் பணத்தில் பாதி போய்விட்டது.
* 20 மணி நேரத்தில் 6,000. யாரும் வெளியிலிருந்து பணம் கொண்டு வராவிட்டால் மேசையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால் ஆறு பேருமே தோற்பார்கள். நடத்துபவர் மட்டும் ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் ஜெயிப்பார்.

நம் குழுவிலும் பணம் சுற்றி வருகிறது. ஆனால் உள்கடனுக்கு நாம் கட்டும் வட்டி குழுவின் பொதுநிதியிலேயே சேர்கிறது, வருஷக் கடைசியில் அது நம் பணம். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளியே போகிறது, திரும்ப வருவதில்லை. இதைச் சொன்னதும் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. 'கோர்ட்டே இது சூதாட்டம் இல்லைன்னு சொல்லிருச்சு' என்று பிள்ளைகள் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

* தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 1930-லேயே வந்தது. லாட்டரிச் சீட்டை 2003-ல் தமிழக அரசு தடை செய்தது. லாட்டரியில் கூலியைத் தொலைத்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு, மூத்த உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும்.
* 1968-ல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சொன்னது.
* செல்போனில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்க 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. பிறகு அது சட்டமானது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.
* 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கைக்குப் பிறகு புதிய சட்டம் கொண்டு வரப்பட்டது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது.
* 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்பதால் அவற்றை அந்தத் தடையில் சேர்க்க முடியாது, கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது.
* 2025 பிப்ரவரியில் தமிழக அரசின் விதிகள் வந்தன. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆடக் கூடாது என்றார்கள். ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும் என்றது.
* 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்தச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. ஆடுபவரைக் குற்றவாளியாக்கவில்லை. சட்டம் நிறைவேறியதும் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன.

திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? திறமை உள்ளவர் திறமை குறைந்தவரை ஜெயிப்பார் என்று அர்த்தம். நம் பிள்ளைதான் அந்தத் திறமைசாலி என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

செல்போனில் நின்றுபோனதால்தான் இப்போது கோவா பேச்சு. அங்கே பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களிலும் பெரிய ஓட்டல்களிலும் அரசு அனுமதியோடு கேசினோக்கள் நடக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த கோவா அரசே 2020-ல் தன் மாநில மக்கள் கேசினோவுக்குள் போய் ஆடக் கூடாது என்று தடை கொண்டு வந்தது. வெளியூர்ப் பணம் வரட்டும், உள்ளூர்க் குடும்பம் கெட வேண்டாம் என்றுதானே!

அக்கா வீட்டில் பார்த்த கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனோம், நானும் ஊக்குநரும். மகன் மரியாதையாகப் பேசினான். பி.காம். முடித்து கோயமுத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை, மாதம் 18,000 சம்பளம்.

"ரூம் வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சுது மேடம்? எங்க சூப்பர்வைசர் பத்து வருஷமா இருக்காரு, அவருக்கே இருபத்தெட்டாயிரம்தான். எனக்கு இந்த ஆட்டம் வருது. ஒரே ராத்திரியில நாப்பத்திரண்டாயிரம் எடுத்திருக்கேன்."

அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். படித்த பிள்ளைக்கு 18,000 ரூபாய் என்பது வருத்தமான விஷயம்தான். அதனால் அறிவுரை சொல்லாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: "கணக்கு நோட்டு இருக்கா தம்பி?"

நோட்டு இல்லை. "மொத்தத்துல லாபத்துலதான் இருக்கேன், தெரியும்" என்றான். வங்கிக் கணக்கு விவரத்தை எடுக்கச் சொன்னோம். 2024 ஜனவரி முதல் 2025 ஜூலை வரை 19 மாதம். விளையாட்டுக்குப் போன பணத்தை ஒரு பக்கமும் வந்த பணத்தை ஒரு பக்கமும் எழுதிக் கூட்டினோம். கூட்டியது அக்காதான். முன்பு குழுவுக்கு மூன்று வருஷம் ரொக்கப் புத்தகம் எழுதியவர் அவர்.

போட்டது 3,18,400 ரூபாய். எடுத்தது 2,61,900 ரூபாய். நஷ்டம் 56,500.

அந்த 42,000 ரூபாய் இருந்தது, பொய்யில்லை. ஆனால் ஐநூறும் ஆயிரமுமாகப் போனது பக்கம் பக்கமாக இருந்தது. ஜெயித்த நாள் மனதில் நிற்கிறது, தோற்ற நாள் நிற்பதில்லை. அதற்காகத்தானே நாமும் வாய்க்கணக்கை நம்பாமல் பாஸ்புக் வைத்திருக்கிறோம்!

கூட்டிக்கொண்டே வந்த அக்கா ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார். "இந்த மாசம்தானே கோர்ஸ் பீஸுன்னு கேட்ட? சங்கிலிய அடகு வச்சுத் தந்தேனே?" பையன் தலையைத் தூக்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரியைக் கூட்டினார். எங்களுக்கும் பேச்சு வரவில்லை.

கோவா கணக்கையும் போட்டோம்

கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அது போன்ல. நேர்ல ஆடினா வேற மேடம்" என்றான். சரி, அதையும் பார்ப்போம் என்றேன்.

* கோவாவில் தங்க, சாப்பிட மாதம் 20,000 என்று வைத்துக்கொள்வோம்.
* 2 லட்சம் கடனை 20 தவணையில் கட்டினால் முதல் மாதம் அசல் 10,000, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி 2,000, ஆக 12,000.
* இரண்டும் சேர்த்துக் கையில் 32,000 நிற்க வேண்டும். வீட்டுக்கு அனுப்புவது இதில் இல்லை.
* சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வருமான வரி. மற்ற வருமானத்துக்கு உள்ள அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. அப்படியானால் மாதம் சுமார் 46,000 ஜெயிக்க வேண்டும். தோற்ற பணத்தை ஜெயித்ததில் கழித்துக்கொள்ளவும் முடியாது, ஆகவே உண்மையில் இன்னும் கூடும்.
* மாதம் 20 நாள், நாளுக்கு 8 மணி நேரம் ஆடினால் 160 மணி நேரம். தோற்ற மணி நேரத்தையும் சேர்த்துச் சராசரியாக ஒவ்வொரு மணிக்கும் 290 ரூபாய் போல ஜெயிக்க வேண்டும்.

இது பெரிய பந்தய மேசையில்தான் நடக்கும். பெரிய மேசையில் உட்காருபவர்கள் இவனைவிட அனுபவசாலிகள். சின்ன மேசையில் ஜெயித்தவன் அங்கே அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவனாக மாறிவிடலாம்.

இன்னொன்று, தொழிலாக ஆடுபவர்களே சொல்லும் விதி. ஒரு மேசையில் உட்காரத் தேவையான பணத்தைப்போல் இருபது முப்பது மடங்காவது ஆட்டத்துக்கென்று தனியாக இருக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்கும் மாதக்கணக்கில் சீட்டு அமையாமல் போகும், அதைத் தாங்கத்தான் இது. 10,000 ரூபாய் மேசைக்கு 2 லட்சம் முதல் 3 லட்சம் வரை ஆகிறது. அதைத் தவிர ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு வீட்டுச் செலவுப் பணம் வேறு வேண்டும். தம்பி கேட்ட 2 லட்சம் முதல் பங்குக்கே சரியாகப் போய்விடும். தவணைப் பணத்தை எதிலிருந்து கட்டுவது? ஆட்டப் பணத்திலிருந்து எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும், எடுக்காவிட்டால் அம்மாவின் தவணை நின்றுவிடும்.

நாலு மாதம் ஜெயித்தால் போதாதா என்றும் கேட்டான். பூவா தலையா பத்துத் தடவை போட்டால் ஏழு தடவை பூ விழலாம், அதனால் காசு நம் பேச்சைக் கேட்கிறது என்று ஆகிவிடாது. போக்கரில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் கணக்கை எழுதி வைத்துப் பார்த்தால்தான் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் வீட்டிலோ குழுவிலோ இப்படி ஒரு பேச்சு வந்தால் திட்டவோ சிரிக்கவோ வேண்டாம். திட்டினால் மறைப்பார்கள், மறைத்தால் கடன் பெருகும். இதைக் கேளுங்கள்.

1. ஒரு வருஷத்து வரவு செலவு எழுத்தில் இருக்கிறதா?
2. ஆட்டப் பணமும் குடும்பப் பணமும் தனித்தனியா?
3. கடன் வாங்கிய பணமா, அடகு வைத்த பணமா? அப்படியென்றால் பேச்சே வேண்டாம்.
4. செலவு, தவணை, வரி போக என்ன நிற்கும்?
5. ஒரு வருஷம் கழித்து வேண்டாம் என்று திரும்பினால் பழைய வேலை கிடைக்குமா?
6. ராத்திரி முழுக்க உட்காரும் உடம்புக்கு என்ன ஆகும்?

ஆன்லைன் ஆட்டம் என்றால் இவ்வளவு கேள்விகூட வேண்டாம், சட்டமே தடுக்கிறது. 'இது வெளிநாட்டு ஆப், ஒன்றும் ஆகாது' என்று சொல்வார்கள். அங்கே போட்ட பணத்தைத் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இன்னும் ஒன்று முக்கியம். 'உங்க பேங்க் அக்கவுன்ட், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு கொஞ்ச நாள் கொடுங்க, கமிஷன் தர்றோம்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் யாருடையதோ, ஆனால் போலீஸ் விசாரணை உங்கள் பெயருக்கு வரும். ஆன்லைனில் பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பது பலவீனமும் இல்லை, திமிரும் இல்லை. அது மருத்துவ உதவி தேவைப்படும் பிரச்சினை. இந்தக் கடனால் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. தூக்கம் இல்லை, யாரோடும் பேசவில்லை, அடிக்கடி கடன் கேட்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, இரண்டும் இலவசம். பெண்களுக்கு வீட்டில் தொல்லை என்றால் 181.

பிறகு என்ன ஆனது?

அடுத்த கூட்டத்தில் அந்த 2 லட்சத்தை அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக அடகு நகையைத் திருப்ப 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். காரணம் என்ற இடத்தில் 'நகை மீட்பு' என்று எழுதினோம். முதலில் சிரித்த உறுப்பினர் ஒருவர், "என் முறையை அடுத்த மாசத்துக்குத் தள்ளிக்கிறேன், அவங்களுக்குக் கொடுங்க" என்றார்.

தம்பி இப்போதும் அதே வேலைக்குத்தான் போகிறான். தவணையில் பாதியை அவன் கட்டுகிறான், இதுவரை தவறவில்லை. ஆட்டத்தை அடியோடு விட்டுவிட்டானா என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. "லீவுக்கு வந்தா ராத்திரி போன் வெளிச்சம் தெரியுது மேடம். புடுங்கிப் பார்க்கணும்னு கை போகுது. பார்க்கிறதில்ல. மாசம் ஒண்ணாந்தேதி ரெண்டு பேரும் உக்காந்து நோட்டு எழுதுறோம். அதுல பொய் எழுத மாட்டான்னு நம்புறேன்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அந்த நோட்டைத் தொடங்குங்கள். எட்டணாப் பேனாவும் பழைய நோட்டும் போதும். அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டி, மேசைக் கணக்கை எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஆறு புளியங்கொட்டைக் குவியல் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டையை எடுத்து வெளியே போட்டுக் காட்டுங்கள். ஆறு குவியலும் குறைவது கண்ணுக்கே தெரியும்.